நமுத்துப்போன முந்நூறு பாக்கெட்

“அங்க போயி தோத்த கதையெல்லாம் அவுத்து விடாத!” பஸ் ஏறும்போதே புஷ்பவள்ளியை எச்சரித்திருந்தான் கணவன் இளவரசு.

பண்ருட்டியில் பலாச்சுளை சிப்ஸ் போடுகிறவள் அவள். கடலூர் தொழில்முனைவோர் சங்கத்தில், புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு வகுப்பெடுக்க ஆள் தேர்வு செய்தார்கள். பத்தாவதைத் தாண்டாத தன்னை நாலு பேர் டீச்சர் என்று கூப்பிட வேண்டும். அதுதான் அவள் ஆசை.

“தொழில்ல சறுக்கல் ஏதாவது உண்டா?” என்று நேர்காணலில் கேட்டார் சங்கத் தலைவி ஸ்ரீமதி.

“இல்லீங்க மேடம். மொதல்லேர்ந்தே ஏறுமுகந்தான்.”

அவர் பக்கத்தில் தாள்களில் குனிந்திருந்த சிதம்பரம் கடைக்காரர் கலியமூர்த்தி நிமிர்ந்தார். “ஏம்மா, நாலு வருஷம் முன்னாடி எங்க கடைக்கு அனுப்புன முந்நூறு பாக்கெட்டும் நமுத்துப்போச்சே?”

வந்த வாய்ப்பு போயிற்று என்று நினைத்தாள் புஷ்பவள்ளி. இனி மறைப்பானேன் என்று உள்ளதைச் சொன்னாள்.

“ஆமாங்க. மொறுமொறுப்பு போயிடுமேன்னு சூட்டோட பாக்கெட் போட்டுட்டேன். உள்ளயே வேர்த்துப்போச்சு. அப்பறம் நல்லா ஆறவெச்சுப் போட்டு, நானே பஸ்ல கொண்டாந்து மாத்திக் குடுத்தேன்.”

“அதுக்காகத்தானே உங்க பேரையே நான் எழுதிக் குடுத்தேன்!” என்றார் கலியமூர்த்தி.

ஸ்ரீமதி சிரித்தார். “காலையிலேர்ந்து வந்த ஆறு பேரும் சறுக்குனதே இல்லன்னுட்டாங்க. அவுங்ககிட்ட என்னத்தக் கத்துக்கறது? திங்கக்கிழமை வந்துடுங்க, டீச்சர்.”

பஸ் ஏறியதும் இளவரசுக்குப் போன் போட்டாள்.

“மாமா, எல்லாக் கதையையும் அவுத்து விட்டுட்டேன்.”

“அடிப்பாவி! போச்சா?”

“டீச்சர் பஸ் ஏறிட்டாங்க. டீயப் போட்டு வையுங்க!”