மக்னீசியக் கால்

தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தேய்ந்த செல்லக்கனியின் கால்களுக்குப் புது எலும்பு வைக்கவேண்டும். அவளை வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனியின் ஆள் புடவைக் கடைக்காரனைப் போல இரண்டு தினுசை விரித்துவைத்தான்.

"மக்னீசியம் எடுத்துக்கோங்கக்கா. ஸ்டீலோட கனத்துல கால்வாசிதான். பறக்கலாம்."

விற்கிறவன் முதலில் புகழ்கிற சரக்கில்தான் அவன் லாபம் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

"எத்தனை நாளைக்குப் பறக்க?"

"உங்க வேலை ஒப்பந்தம் மூணு வருஷம். அதுவரை தாங்கும். அப்புறம் உடம்புக்குள்ளயே தானாக் கரைஞ்சிடும்."

"கரைஞ்ச பிறகு நான் எதுல நிக்க?"

"ஒப்பந்தத்தைப் புதுப்பிச்சா புது எலும்பு."

"புதுப்பிக்கலைன்னா?"

அவன் பேனாவை நீட்டினான்.

"ஸ்டீலு?"

"அது ஆயுசுக்கும் கிடக்கும். ஆனா கனம்க்கா, நடந்தா தரை அதிரும்."

"அதையே போடுங்க தம்பி. கூலி கேட்டு நான் மாடி ஏறி வாரது உங்க முதலாளிக்கு முதல் படியிலயே தெரியணும்."