வலது கைக் கத்தரி

ஜன்னல் வெயில் வெட்டுமேஜையின் சாக்பொடி மேல் சாய்ந்து கிடக்கிறது. வலது கையை இயந்திரத்துக்குப் பறிகொடுத்து, ஆறு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியிருக்கும் கட்டிங் மாஸ்டர், தன் பழைய கத்தரியை இடது கையால் எடுத்து ஒரு துண்டுத் துணியில் வைத்துப் பார்க்கிறார். வலது கைக்கென்றே செய்த கத்தரி. துணி வெட்டுப்படாமல் அலகுகளுக்கு நடுவே மடிந்து நழுவுகிறது. தையல்காரி ஓடி வந்து அதை நோகாமல் வாங்கிக்கொள்கிறாள். “உங்களுக்கு எதுக்குண்ணே இந்தப் பாடு? சும்மா உக்காருங்க, நாங்க பாத்துக்குறோம்.” காலையிலிருந்து ஆளாளுக்குப் பாசத்தைப் பொழிகிறார்கள், வேலையை மட்டும் ஒருவரும் கண்ணில் காட்டவில்லை. சுற்றிலும் மெஷின்கள் தடதடக்கின்றன. சட்டைப்பையில் போன் அடிக்கிறது. மறுமுனையில் மனைவி. “சாப்பிட்டீங்களா? வேலையெல்லாம் எப்படி?” “தலைக்கு மேல கெடக்கு, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிட்டு, ஒரு நூல்கூட ஒட்டியிராத மடியைத் தட்டிவிட்டுக்கொள்கிறார்.