பன்னிரண்டாவது வளைவு

கல்லூரியில் எதிரெதிராக இரண்டு கட்டடங்கள். பழையது கருங்கல், பதினோரு வளைவுகள். புதியது முழுக்கக் கண்ணாடி. எது அழகு என்று மாணவர்கள் மல்லுக்கட்டுவார்கள். துடைக்கிற எங்களுக்குக் கருங்கல்தான் அழகு.

கண்ணாடியில் தெரியும் பிம்பத்தில் வளைவுகள் பன்னிரண்டு. கடைசி வளைவில், போன வருடம் இறந்த என் அண்ணன் நிற்கிறான். அவன் உயிரோடு இருந்தபோது நான் வெளியே துடைப்பேன். அவன் உள்ளே நின்று, விட்டுப்போன கறையை இருமுறை தட்டிக் காட்டுவான்.

நேற்றும் தட்டினான். பழக்கதோஷத்தில் துடைத்துவிட்டேன். பிம்பத்திலும் வளைவுகள் பதினொன்றாகிவிட்டன; அவனையும் காணோம்.

கூட வேலை செய்யும் அண்ணி என்னைத் திட்டவில்லை. இன்று காலை கண்ணாடியில் உள்ளங்கையை அழுத்தி எடுத்தாள்.

"கறை இருந்தா உங்க அண்ணன் சும்மா இருக்க மாட்டாரு."

உள்ளிருந்து இருமுறை தட்டும் சத்தம் கேட்டது. நான் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.