பட்டை கேட்ட பாராட்டு

"குழம்பு பிரமாதம், மரகதம்," என்றார் தணிகாசலம். இன்சுலின் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். இரண்டு வருடமாக அவர் பேச்சைக் கேட்டுப் பழகிய மணிக்கட்டுப் பட்டை உடனே அலறியது: "வழக்கத்துக்கு மாறான பேச்சு. சர்க்கரை இறங்குகிறது."

மனைவி மரகதம் சர்க்கரைத் தண்ணீரோடு ஓடிவந்தாள். அவருக்கு நெற்றி வியர்த்து, கை நடுங்கியது. டம்ளரை அவர் வாயருகே கொண்டுபோனவள், சட்டென்று நிறுத்தினாள்.

"உங்கம்மா வச்சதவிடவா?"

"அம்மா வச்சதெல்லாம் வெறும் புளித்தண்ணி," என்று குழறினார்.

முப்பத்தொரு வருடக் குறை தீர்ந்தது. அதற்குப் பிறகுதான் குடிக்கக் கொடுத்தாள்.

பத்து நிமிடத்தில் தெளிந்தவர், ஒரு வாய் சாப்பிட்டார்.

"என்ன இருந்தாலும் எங்கம்மா கைப்பக்குவம் உனக்கு வராது."

பட்டை பச்சையாக மின்னியது: "இயல்பு நிலைக்குத் திரும்பிவிட்டார்."