வாசனை சோப்பு

"வாசனை சோப்பு வராம மேனேஜர் சார் இந்த ரூமைத் தாண்ட முடியாது!" என்று சொல்லிவிட்டு வாசற்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள் பெத்தம்மாள்.

அவளுக்குப் பின்னால் பேண்டேஜ் துணி மடிக்கும் பெண்கள் அத்தனை பேரும் வழியை அடைத்து உட்கார்ந்தார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் மேனேஜர் கண்ணபிரானும் கிளார்க் காஞ்சனாவும். ஊரில் மற்ற மேனேஜர்களை போனசுக்காக கெரோ செய்கிறார்கள். தம்மைக் கேவலம் சோப்புக்காகச் செய்கிறார்களே என்று கண்ணபிரானுக்குச் சற்று அவமானமாகக்கூட இருந்தது.

"இப்ப இருக்கிற சோப்புக்கு என்னம்மா கொறச்சல்?"

"அது துணி தொவைக்கிற சோப்பு சார். கிட்டப் போனா எங்க வீட்டுக்காரரு மூக்கைப் பொத்துதாரு."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். காஞ்சனா மட்டும் சிரிக்கவில்லை. சன்னல் வழியே கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரணம் கண்ணபிரானுக்குத் தெரியும். அவள் தபால் வழியில் எம்.பி.ஏ. படிக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் பாடத்தை வாய்விட்டுப் படிக்க, பெத்தம்மாள் கோஷ்டி தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கதை மாதிரி கேட்கும். இன்று காலை வில்லிபுத்தூரில் அவளுக்குக் கடைசிப் பரீட்சை. நிறுவனத் தலைமை பற்றிய பேப்பர்.

"இதை விட்டா அடுத்த வருசந்தான் சார். தையில எனக்குக் கல்யாணம். அவிய வீட்டுல பொறவு படிக்க விட மாட்டாக" என்று நேற்று வந்து லீவு கேட்டாள்.

"சரக்கு ஏத்துற நாள்ல லீவா? நாளைக்கு வரலைன்னா பொறவு வரவே வேண்டாம்" என்றார் இவர். அதோடு விட்டிருக்கலாம். "பேண்டேஜ் மடிக்கிற எடத்துல தலைமை தாங்க என்னம்மா இருக்கு?" என்று ஒரு ஜோக்கும் அடித்தார். அவர் ஜோக்குக்கு அவர் மட்டுமே சிரிப்பது வழக்கம். நேற்றும் அப்படித்தான் நடந்தது.

"சரிம்மா, சோப்பு வாங்கித் தாரேன். எந்திரிங்க."

"நீங்க சொன்னாப் போதுமா? மொதலாளி வந்து சொல்லட்டும்."

சரியான இடத்தில் அடித்தாள். முதலாளியைக் கேட்காமல் ஒரு குண்டூசி வாங்கக்கூட இந்த மேனேஜருக்கு அதிகாரம் கிடையாது. முதலாளியோ வில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். அந்த மண்டபத்தில் போன் கிடையாது.

அப்போதுதான் கண்ணபிரானுக்கு, வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு தலைவனுக்கு வருவது போன்ற யோசனை வந்தது.

"காஞ்சனா, பொம்பளைப் பிள்ளை, ஒன்ன விட்டுருவாங்க. வேன்ல போயி மொதலாளியைக் கையோட கூட்டிட்டு வா."

"நானா? இன்னிக்கு நகரக் கூடாதுன்னீங்களே சார்."

"இப்ப நானே சொல்லுதேன், போம்மா!"

"எழுதிக் குடுத்துருங்க சார். பொறவு யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது."

'அலுவலக வேலையாகச் செல்கிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சீட்டோடு அவருடைய பேனாவையும் வாங்கிக்கொண்டு காஞ்சனா கிளம்பினாள். பெண்கள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டு, மறுபடி ஒட்டிக்கொண்டார்கள். டிரைவர் சோணைமுத்து வேனை ஏற்கெனவே வாசல் பார்த்துத் திருப்பி நிறுத்தியிருந்தான். பொறுப்பான ஆள் என்று கண்ணபிரான் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

பிறகுதான் நரகம். பச்சைச் சோப்பா, ரோஸ் சோப்பா என்று பெண்களுக்குள் விவாதம் கிளம்பியது. ரெண்டுமே தாரேன் என்றார். துண்டு வேணும் என்றார்கள். தாரேன். கை கழுவுற எடத்துல முகம் பாக்கக் கண்ணாடி வேணும். அதுவும் தாரேன். எதைக் கொடுத்தாலும் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

"அதான் எல்லாத்துக்கும் சரின்னுட்டேனே தாயி!"

"செத்த பொறுங்க சார். டீ குடிங்க."

அது மூன்றாவது டீ. கக்கூஸோ பெண்களைத் தாண்டி, முற்றத்துக்கு அந்தப் பக்கம். கண்ணபிரான் காலை மாற்றி மாற்றி நின்று, சுவர் காலண்டரில் இருந்த அருவிப் படத்தைத் திருப்பி மாட்டினார்.

"மணி என்ன சார்?" என்றாள் பெத்தம்மாள். இதையே அடிக்கடி கேட்டாள்.

"பன்னெண்டு."

பன்னிரண்டு என்றதும் அவருக்குச் சுருக்கென்றது. பரீட்சை நடக்கிற ஊருக்கே அந்தப் பிள்ளையை அனுப்பி, கல்யாண மண்டபத்தில் அலைய விட்டுவிட்டோமே! ஒரு நாள் லீவு. கொடுத்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? தம்முடைய ஜோக் ஞாபகம் வந்து, தனியாக நின்று கூசினார்.

"ஏம்மா பெத்தம்மா, அந்தப் பிள்ளைக்கு இன்னைக்குப் பரிச்சை. நாந்தான் விடலை. பாவம்மா."

"ஆமா சார், பாவம்" என்றாள் பெத்தம்மாள். "இப்ப மணி என்ன?"

ஒன்று தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஹாரன் கேட்டது. கண்ணபிரான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். வேனிலிருந்து காஞ்சனா இறங்கினாள். அவளுக்குப் பின்னால் முதலாளியும் இல்லை, யாரும் இல்லை.

"மொதலாளி எங்கம்மா?" என்று அவர் அலறினார்.

பெத்தம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. சேலைத் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"எந்திரிங்கட்டி, பரிச்ச எழுதிட்டா!"