பச்சை விளக்கு

பவளக்கொடியின் தெருப் பட்டறை, தானாக மூச்சுவிட முடியாதவர்கள் மார்பில் கட்டிக்கொள்ளும் பழைய மூச்சுப்பெட்டிகளைச் சரிசெய்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்து வந்தது. தொழில் நுணுக்கம் பார்க்க அவள் மேட்டூர்ப் பட்டறைக்குப் போனபோது, அங்கே ஏழெட்டுப் பெட்டிகள் பச்சை விளக்கோடு சும்மா ஓடிக்கொண்டிருந்தன.

"பச்சை எரிஞ்சா குடுத்துட வேண்டியதுதானே?" என்று கேட்டாள்.

"ஐயோ, கூடாதுக்கா," என்றாள் பட்டறைக்காரி மும்தாஜ். "ஒரு நாள் முழுக்க ஓட விட்டுப் பாப்போம். பழைய பேட்டரி பச்சையைக் காட்டிக்கிட்டே காத்தை நிறுத்திடும். ஆறு பேரைப் பறிகொடுத்த பிறகுதான் எங்களுக்கே தெரிஞ்சது."

போன மாதம் பவளக்கொடியின் கணவர் இறந்தபோது அவர் மார்பிலிருந்த பெட்டியில் பச்சை எரிந்துகொண்டுதான் இருந்தது. அதைச் சரிசெய்தவள் அவளே. போன வருடமே வரவேண்டிய இந்தப் பயணத்தை, வேலை தலைக்குமேல் கிடக்கிறதென்று தள்ளிப்போட்டவளும் அவளே.

ஊரில் பட்டறையைப் பார்த்துக்கொள்ளும் தெய்வானைக்குப் போன் செய்தாள். "குடுத்த பெட்டி அத்தனையும் திரும்ப வாங்கிடு."

"வாங்கிட்டா அவங்க எதுலக்கா மூச்சு விடுவாங்க?"

"அப்ப வாங்க வேணாம். விளக்கை நம்பாதீங்க, வீட்ல ஒருத்தர் தூங்காம பக்கத்துலயே இருங்கன்னு சொல்லு."

"தனியா இருக்கறவங்கக்கா?"

"அவங்க பேரை ஒவ்வொண்ணா சொல்லு," என்ற பவளக்கொடி, போனைக் காதில் வைத்துக்கொண்டே ஊருக்குப் பஸ் பிடிக்க நடந்தாள்.