தண்ணீர் தெளியட்டும்

“நாளைக்குப் போவோம்மா,” என்றார் அப்துல் அஜீஸ்.

சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு வந்து, வழக்கம்போல மகளின் அறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

சூஃபியா மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்தாள். நாளைக்கேவா என்று கேட்டாள். நாளைக்கேதான், காலையில் ஆட்டோ வரும் என்றார்.

கீழக்கரையில் அவர்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தாண்டினால் கடல். அதை விட்டுவிட்டு ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்த் தூண்டில் போடப்போகிறேன் என்ற மனிதரைப் பள்ளிவாசலில் எல்லோரும் கேலி செய்தார்கள்.

அவர் மனைவி நூர் நிஷாவும் விடவில்லை. கண்மாய் மீன் சேற்று வாடை அடிக்கும், தன் சட்டியில் ஏற்றமாட்டேன் என்றாள்.

போதாததற்கு, அவர் இந்தப் பேச்சை ஆரம்பித்தபோது கண்மாயில் தண்ணீரே இல்லை. வெடித்துக் கிடந்த தரையில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. மழை வராமலா போய்விடும் என்றார்.

அவருக்கு மீன்பிடிக்கவும் தெரியாது. துபாயில் ஜவுளிக்கடையில் நின்றே வயதைக் கழித்தவர். தட்டில் வந்த மீனைத்தான் அவருக்குத் தெரியும்.

அந்த நாட்களில் சூஃபியா யாரோடும் பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். அவர் வாசலில் உட்கார்ந்து, எந்தக் கரையில் உட்காரலாம், எத்தனை மணிக்குக் கிளம்பலாம், சோறு கட்டிக்கொண்டு போகலாமா என்று அவளுடைய முதுகிடம் கேட்பார். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் எழுந்து போவார்.

ஒருநாள், தூண்டிலில் புழு வைப்பதா மாவு வைப்பதா என்று கேட்டார். பதில் வராததால் மாவே போதும் என்று தானாகவே முடிவு செய்தார்.

“புழு,” என்றது முதுகு.

சரிம்மா, புழு என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். அன்று அவர் பள்ளிக்குப் போனபோது ஒரு காலில் தன் செருப்பையும் மறுகாலில் நூர் நிஷாவின் செருப்பையும் போட்டுக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு பேச்சு வளர்ந்தது. அவர் பஸ் ஏறிக் கண்மாய்க்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். கரையோரம் வயல் வைத்திருக்கும் கூத்தையா என்பவரைச் சிநேகம் பிடித்துக்கொண்டார். மடைக்குப் பக்கத்தில் கெளுத்தி நிற்குமாம், மேலக்கரையில் ஒரு புளியமரம் இருக்கிறதாம் என்று வந்து சொல்வார். பாம்பு உண்டா என்று சூஃபியா கேட்டாள். அதைக் கேட்டு வர மறுபடி பஸ் ஏறினார்.

அவள் செல்போனில் வீடியோ பார்த்துத் தூண்டில் முள்ளை நரம்பில் கட்டும் முடிச்சைக் கற்றுக்கொண்டாள். அவருக்கும் சொல்லிக்கொடுத்தாள். அவர் நாற்காலிக் கையில் நரம்பைக் கட்டிக் கட்டிப் பழகினார். எல்லா முடிச்சும் அவிழ்ந்தது. ஒருமுறை அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அடுப்படியில் நூர் நிஷா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சிரிப்பு முடியும்வரை அசையாமல் நின்றாள்.

மழை வந்தது. கண்மாய்க்குத் தண்ணீரும் வந்தது.

புதுத் தண்ணீரில் மீன் சிக்காது, தண்ணி தெளியட்டும்மா என்றார். தெளிந்த பிறகு, பனி குறையட்டும் என்றார். பிறகு தன் முழங்கால் வலி குறையட்டும் என்றார்.

எப்போது என்று அவளும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் அந்த நாள் எதுவென்று தெரிந்திருந்தது.

மறுநாள் விடியலில் சுபுஹு தொழுத பிறகு நூர் நிஷா மகளைக் குளிக்கச் சொன்னாள். தலை துவட்டிவிட்டு, இளநீலத்தில் ஒரு சேலையை எடுத்துக் கையில் கொடுத்தாள். சூஃபியா வெள்ளையை அவிழ்த்து வைத்தாள்.

கணவனை இழந்தவள் வீட்டுக்குள் இருக்கவேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தா நேற்றோடு முடிந்திருந்தது. அவள் புருஷன் ரிஃபாய் போன வள்ளம் கடலில் கவிழ்ந்த நாளிலிருந்து அவள் இந்த நிலைப்படியைத் தாண்டவில்லை.

பர்தாவைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தெருவின் வெயிலில் கண் கூசியது. வாப்பா இரண்டு தூண்டில் கம்புகளையும் மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார்.

ஆட்டோ உள்தெருப் பக்கம் பார்த்து நின்றது. கடல் கண்ணில் படாத வழியாகத்தான் போகவேண்டும் என்று ஆட்டோக்காரரிடம் முந்தின நாளே சொல்லி வைத்திருந்தார். காலையில் இன்னொரு தடவையும் சொல்லியிருந்தார்.

சூஃபியா படியிறங்கினாள். ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடல் இருந்த திசையைப் பார்த்தாள்.

“வாப்பா, கடக்கரை ரோட்டு வழியாவே போகச் சொல்லுங்க.”

ஆட்டோக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். அப்துல் அஜீஸ் சரியென்று தலையை மட்டும் அசைத்தார்.

ஆட்டோ திரும்பி நின்றது. அவர் அவசரமாக முதலில் ஏறி, கடல் தெரியும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கம்புகளை நிமிர்த்தி, தோளையும் அகட்டி, அந்தப் பக்கத்தை அடைத்துக்கொண்டார்.

சூஃபியா அந்தப் பக்கமாகச் சுற்றிவந்து அவர் கையைத் தொட்டாள்.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க வாப்பா.”

அவர் தள்ளி உட்கார்ந்தார்.